தகுதித் தேர்வு அறைக்குள் செவிலியராகவே செல்லுங்கள்

தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினைந்து ஆண்டுகள் பணியாற்றியவர் அவர். முனைவர் பட்டத்துக்கான தகுதித் தேர்வில் என் எதிரே அமர்ந்திருந்தார். செயற்கைச் சுவாசத்தில் இருக்கும் நோயாளிகளைப் பற்றியது அவருடைய ஆய்வு. “டோரத்தியா ஓரெமின் தற்பராமரிப்புக் கோட்பாட்டை எடுத்திருக்கிறீர்கள். தன்னினைவே இல்லாத நோயாளிக்கு அது எப்படிப் பொருந்தும்?” என்று கேட்டேன். கோட்பாட்டின் வரையறையை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தார். கேள்வியை வேறு சொற்களில் மறுபடி கேட்டேன். அதே வரையறை, இம்முறை இன்னும் வேகமாக வந்தது. குரல் நடுங்கியது.

ஓரெம் அமெரிக்கச் செவிலியக் கோட்பாட்டாளர்; ஒருவர் தன்னைத் தானே பராமரித்துக்கொள்ள இயலாதபோதுதான் செவிலியரின் உதவி தேவைப்படுகிறது என்பது அவருடைய கோட்பாட்டின் சாரம். என் கேள்விக்கு ஓரெமிடமே விடை இருக்கிறது. நோயாளியால் எதுவும் இயலாதபோது பராமரிப்பு முழுவதையும் செவிலியர் ஏற்பது, சிலவற்றை நோயாளியும் சிலவற்றைச் செவிலியரும் செய்வது, நோயாளி தானே செய்துகொள்ளக் கற்றுக்கொடுத்து உடனிருப்பது என்று மூன்று முறைகளை அவர் வகுத்திருக்கிறார். சுவாசக் கருவியிலிருந்து ஒருவரை மெல்ல மெல்ல விடுவிக்கும் செவிலியர், சில நாட்களிலேயே இந்த மூன்றையும் கடந்து வருகிறார். என் எதிரே இருந்தவர் அதை எத்தனையோ முறை செய்தவர். அந்த அனுபவத்தைத் தேர்வறை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தார்.

தேர்வுக் குழுக்களில் நான் அதிகம் கண்ட தடுமாற்றம் இதுதான். படிக்காமல் வரும் செவிலியர்கள் மிகக் குறைவு. படித்ததற்கும் பார்த்த வேலைக்கும் நடுவே ஒரு சுவரை எழுப்பிக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

முனைவர் பட்டத்துக்கான பாட வகுப்புகள் முடிந்த பிறகு, தனியாக ஓர் ஆய்வை நடத்தும் பக்குவம் வந்துவிட்டதா என்று பார்க்கும் படிதான் தகுதித் தேர்வு. சில இடங்களில் அறையில் அமர்ந்து எழுத வேண்டும். சில இடங்களில் கேள்விகளைக் கொடுத்து நாட்களோ வாரங்களோ அவகாசம் தருவார்கள். வேறு சில இடங்களில் ஆய்வு முன்மொழிவையே வைத்து விவாதிப்பார்கள். ஆகவே முதல் வேலை, உங்கள் துறையின் விதிக் கையேட்டை நீங்களே வரிக்கு வரி வாசிப்பது. மூத்த மாணவர் சொன்னது அவர் எழுதிய ஆண்டின் விதியாக இருக்கலாம்.

அடுத்து, படிக்கும் முறை. நான்கு மாதம் நூல்களை வண்ணப் பேனாவால் கோடிட்டுத் திரும்பத் திரும்ப வாசித்தேன் என்று பெருமையாகச் சொல்வார்கள். எனக்குக் கவலையாக இருக்கும். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியை மறுபடி மறுபடி வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது. நூலை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களிடமே பாடம் அதிகம் தங்கியிருந்தது. வாசிக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோல் இருப்பது ஒரு மயக்கம். வெற்றுத்தாளை எடுத்து, “என் ஆய்வுக் கேள்விக்கு இந்த முறையியல் ஏன்?” என்று தலைப்பிட்டு, இருபது நிமிடம் எதையும் பார்க்காமல் எழுதுங்கள். எங்கே பேனா நிற்கிறதோ அங்கேதான் நீங்கள் படிக்க வேண்டியது இருக்கிறது.

கட்டுரைகளை வாசிப்பதிலும் இதே கறார் வேண்டும். ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் பலர் சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். லிண்டா ஐக்கனும் அவர் குழுவினரும் 2002இல் வெளியிட்ட ஆய்வைத் தெரியாத செவிலிய ஆய்வு மாணவர் இருக்க மாட்டார். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளின் அறுவைச் சிகிச்சை நோயாளிகளைப் பற்றியது அது. ஒரு செவிலியரின் பொறுப்பில் இருக்கும் நோயாளிகளில் ஒருவர் கூடும்போதெல்லாம், 30 நாட்களுக்குள் இறப்பு நேர்வதற்கான ‘ஆட்ஸ்’ 7 சதவீதம் உயர்வதாகக் கண்டார்கள். மாணவர் இதை, “ஒரு நோயாளி கூடினால் நூற்றுக்கு ஏழு பேர் கூடுதலாக இறக்கிறார்கள்” என்று சொல்லிவிடுகிறார். அது பெரும் பிழை. ஆட்ஸ் என்பது ஒன்று நிகழ்வதற்கும் நிகழாமல் போவதற்கும் உள்ள விகிதம். அந்த ஆய்வில் இறந்தவர்கள் ஏறத்தாழ 2 சதவீதம். அதில் 7 சதவீத உயர்வு என்றால் 2 என்பது 2.14 அளவுக்குப் போகும், 9 ஆகிவிடாது. அந்தச் சிறிய எண்ணும்கூட லட்சக்கணக்கான நோயாளிகளில் எத்தனை குடும்பங்களின் இழப்பு என்று எண்ணிப் பாருங்கள். எண்ணைச் சரியாகச் சொல்லும்போது அதன் கனம் குறைவதில்லை.

அடுத்த கேள்வி உடனே வரும்: “செவிலியர் எண்ணிக்கையைக் கூட்டினால் இறப்பு குறையும் என்று இந்த ஆய்வு நிரூபிக்கிறதா?” ஒரே காலகட்டத் தரவுகளில் காணப்பட்ட தொடர்பு அது. நோயாளிகளின் நிலையையும் மருத்துவமனைகளின் தன்மையையும் கணக்கில் கொண்டு சரிசெய்திருக்கிறார்கள். ஆயினும் அளக்கப்படாத வேறு காரணிகள் இருந்திருக்கலாம். காரணம் என்று உறுதியாகச் சொல்ல, காலப்போக்கில் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளும் வேறு இடங்களின் சான்றுகளும் வேண்டும். இதை நிதானமாகச் சொல்கிறவரைத் தேர்வாளர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்பார். சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு மேற்கோள் காட்டும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். குழுவில் ஒருவராவது முழுக் கட்டுரையையும் படித்திருப்பார்.

ஆய்வில் பயன்படுத்தும் வினாப்பட்டியல் போன்ற அளவுகோல்களைப் பற்றிய கேள்வியும் தப்பாமல் வரும். “குரோன்பாக் ஆல்பா 0.85, ஆகவே இந்தக் கருவி ஏற்புடையது” என்பார்கள். ஆல்பா சொல்வது, கருவியின் வினாக்கள் தமக்குள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை மட்டுமே. கைக்குப் பொருந்தாத சிறிய பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தம் பார்த்தால் ஒவ்வொரு முறையும் கூடுதலாகவே காட்டும் என்பது உங்களுக்குத் தெரியும். மாறாமல் காட்டுகிறது, தவறாகக் காட்டுகிறது. நம்பகத்தன்மைக்கும் (மாறாமல் அளப்பது) ஏற்புடைமைக்கும் (அளக்க வேண்டியதைச் சரியாக அளப்பது) உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் எனக்கு விளக்கியதில்லை. படுக்கைப் புண் அபாயத்தை அளக்கும் பிரேடன் அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு கூறுகள், 6 முதல் 23 வரை மதிப்பெண், குறையக் குறைய அபாயம் கூடும். ஒரே நோயாளிக்குக் காலைப் பணிச் செவிலியர் 14 போட, இரவுப் பணிச் செவிலியர் 17 போட்டால்? அதற்கு ஆல்பாவில் விடை கிடைக்காது. மதிப்பிடுவோருக்கு இடையிலான ஒப்புமையைப் பார்க்க வேண்டும். வார்டில் பணியாற்றியவருக்கு இந்தக் கேள்வி தானாகவே தோன்றும்.

அறவியல் பகுதியில், மனிதர்களிடம் நடத்தும் மருத்துவ ஆய்வுகளுக்கான நெறிகளைச் சொல்லும் 1964ஆம் ஆண்டின் ஹெல்சிங்கி பிரகடனத்தைச் சொல்லிவிட்டு, “கையெழுத்துடன் ஒப்புதல் பெறுவேன்” என்று முடித்துவிடுகிறார்கள். நான் விடாமல் கேட்பது இது: இரவில் வலி மருந்து தந்த அதே கை காலையில் ஒப்புதல் படிவத்தை நீட்டினால், நோயாளி எப்படி மறுப்பார்? மறுத்தால் பராமரிப்பு குறையுமோ என்று அஞ்ச மாட்டாரா? படிவத்தை வேறொருவர் கொடுப்பாரா, யோசிக்க எத்தனை நாள் தருவீர்கள், நடுவில் விலக விரும்பினால் யாரிடம் சொல்வார் என்பதையெல்லாம் முன்பே தீர்மானித்து வாருங்கள்.

அனுபவத்தைக் கொண்டுவாருங்கள் என்று நான் சொல்வதைத் தவறாகப் புரிந்துகொள்ளவும் கூடாது. செவிலியக் கல்வியாளர் பார்பரா கார்ப்பர் 1978இல் செவிலிய அறிவை நான்காக வகுத்தார்: அறிவியல் சான்று, பராமரிப்பின் கலை, தன்னையும் பிறரையும் அறிதல், அறம். சான்றும் அதில் ஒன்று. “நான் வார்டில் பார்த்திருக்கிறேன்” என்பது ஆய்வுக் கேள்வியைத் தொடங்கி வைக்கலாம்; அதற்கு விடையாக நிற்காது.

வாய்மொழிச் சுற்றுக்கு உங்களிடம் ஏற்கெனவே ஒரு பயிற்சி இருக்கிறது. பணிமாற்றத்தின்போது நோயாளியை ஒப்படைக்கும் முறையைச் சொல்கிறேன். இப்போதைய நிலை, பின்னணி, என் மதிப்பீடு, என் பரிந்துரை. ஆய்வைப் பற்றிய கேள்விக்கும் இதே வரிசையில் பதில் சொல்லிப் பாருங்கள். இன்ன சிக்கல் இருக்கிறது, இதுவரை அறியப்பட்டது இவ்வளவு, இடைவெளி இங்கே என்று நான் மதிப்பிடுகிறேன், ஆகவே இதைச் செய்யப் போகிறேன். மூன்று நிமிடத்தில் சொல்லி முடியும். உங்கள் துறை சாராத ஒருவரை எதிரே உட்காரவைத்துப் பழகுங்கள்.

தெரியாத கேள்வி வந்தால் தெரியாது என்று சொல்லலாம். மருந்தின் அளவில் ஐயம் வந்தால் ஊகித்துக் கொடுப்பீர்களா? சரிபார்ப்பீர்கள். அதையே இங்கும் சொல்லுங்கள்: “இதை நான் படிக்கவில்லை. இன்ன இடத்தில் தேடுவேன், இன்ன காரணத்தால் இப்படி இருக்கலாம் என்று நினைக்கிறேன்.” சுற்றி வளைத்த பதிலைவிட இதற்கு மதிப்பு அதிகம்.

ஓர் எச்சரிக்கை, இதை மனம் பதறியே எழுதுகிறேன். இரவுப் பணி முடித்து நேராகத் தேர்வுக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவரின் அளவுக்குக் குறைகிறது என்று 1997இல் வெளியான ஆய்வு காட்டியது. எழுத்துத் தேர்வுக்கு முந்தைய ஒரு வாரமாவது இரவுப் பணியைத் தவிர்க்க முன்கூட்டியே விடுப்புக்கோ பணி மாற்றத்துக்கோ எழுதிக் கொடுங்கள். கேட்கத் தயங்கி, கடைசி நாளில் உடைந்துபோகாதீர்கள். உறக்கமின்மையும் பதற்றமும் வாரக்கணக்கில் நீடித்தால் உங்கள் நெறியாளரிடமும் மருத்துவரிடமும் சொல்லுங்கள். தேர்வைத் தள்ளிவைக்க விதிகளில் வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

நான் தொடக்கத்தில் சொன்னவருக்கு அன்று மறுவாய்ப்பு அளித்தோம். அவர் செய்த முதல் காரியம், குழுவினரின் குறைகளை எழுத்து வடிவில் கேட்டு வாங்கியது. பிறகு தன் பழைய பணி நாட்களிலிருந்து ஐந்து நோயாளிகளை, பெயர் இல்லாமல், ஆளுக்கொரு பக்கமாக எழுதினார். ஒவ்வொன்றின் ஓரத்திலும் கோட்பாடு எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்று குறித்தார். சில மாதங்கள் கழித்து அதே கேள்வியை நான் கேட்டபோது, மூன்றாவது நோயாளியிலிருந்து தொடங்கினார். ஓரெமின் கோட்பாடு குடும்பத்தினரின் பங்கைத் தன் ஆய்வுக்குப் போதுமான அளவு விளக்கவில்லை என்று அவரே சுட்டிக்காட்டினார். நாங்கள் இருவரும் அதைப் பற்றி விவாதிக்கத் தொடங்கிவிட்டோம், தலைவர் நேரம் முடிந்துவிட்டது என்று நினைவுபடுத்தும் வரை.