பின்மேசையில் ஒரு நிறமற்ற திரவம்

அமெரிக்காவில் சர்ஜிக்கல் டெக்னாலஜிஸ்ட் (அறுவை அரங்கில் கருவிகளையும் மருந்துகளையும் ஆயத்தம் செய்து மருத்துவர் கையில் கொடுப்பவர்) சான்றிதழ்த் தேர்வுக்கு ஆயத்தமாகும் மாணவர்களுக்குச் சில ஆண்டுகளாக வழிகாட்டி வருகிறேன். தேர்வின் 175 கேள்விகளில் 150க்கு மட்டுமே மதிப்பெண் உண்டு. அவற்றிலும் மருந்தியலுக்கு உரியவை, உடற்கூறியலோடு ஒப்பிட்டால் சொற்பம். அதனால்தான் பலர் கடைசி வாரத்தில் மருந்துப் பெயர்களை அட்டைகளில் எழுதி மனப்பாடம் செய்து ஒப்பேற்றிவிடலாம் என்று எண்ணுகிறார்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரினை முறிக்கப் புரோட்டமின், மயக்க மருந்தால் உடல் வெப்பம் கட்டுமீறி ஏறினால் டான்ட்ரோலீன் என்னும் இணைகளுக்கு அந்த முறை போதும். மருந்தின் செறிவு என்னும் பாடத்துக்கு அது போதவே போதாது.

அறுவைக்கான கருவிகளும் மருந்துகளும் அடுக்கப்படும் பின்மேசைக்கு வரும் மருந்துகளில் பல, பார்வைக்குத் தண்ணீர்தான். 1995இல் புளோரிடாவில் காது அறுவைக்கு வந்த ஏழு வயதுச் சிறுவனுக்கு, ரத்தக்குழாயைச் சுருக்கும் எபிநெஃப்ரின் கலந்த லிடோகெய்ன் (உடலின் ஒரு பகுதியை மரத்துப்போகச் செய்யும் மருந்து) என்று நம்பிச் செலுத்தப்பட்டது, ஊசிக்கு அல்லாமல் மேற்புறப் பயன்பாட்டுக்கென இருந்த 1:1,000 எபிநெஃப்ரின், சிறுவன் பிழைக்கவில்லை. லிடோகெய்னில் 1:1,00,000 (1,00,000 மில்லிலிட்டரில் 1 கிராம்) என்ற அளவில் கலந்திருந்தால் ஒரு மில்லிலிட்டருக்கு 0.01 மில்லிகிராம் எபிநெஃப்ரின்தான் இருக்கும். 1:1,000இல் அதுவே 1 மில்லிகிராம், அதாவது நூறு மடங்கு. விகிதத்தின் இரண்டாவது எண் பெருகப் பெருக மருந்து நீர்த்துப்போகிறது என்பதை, நன்றாகப் படிக்கும் மாணவர்கள்கூடத் தேர்வுப் பதற்றத்தில் தலைகீழாக்கிவிடுகிறார்கள்.

சதவீதக் கணக்கும் அப்படித்தான். 1 சதவீதம் என்றால் 100 மில்லிலிட்டரில் 1 கிராம், ஆகவே ஒரு மில்லிலிட்டரில் 10 மில்லிகிராம். எபிநெஃப்ரின் கலக்காத லிடோகெய்னுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் உச்ச அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 4.5 மில்லிகிராம், மொத்தத்தில் 300 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 40 கிலோ எடையுள்ளவருக்கு அது 180 மில்லிகிராம். 1 சதவீத மருந்தில் 18 மில்லிலிட்டர், 2 சதவீதத்தில் வெறும் 9. அளவைத் தீர்மானிப்பது மருத்துவர்தான் என்றாலும், மேசையிலிருந்து எத்தனை மில்லிலிட்டர் போயிருக்கிறது என்று அவர் கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் நாம்.

2004இல் சியாட்டில் மருத்துவமனை ஒன்றில், ரத்தக்குழாய்ப் படத்துக்கான சாயத்துக்குப் பதிலாகத் தோலைச் சுத்தம் செய்யும் குளோர்ஹெக்சிடின் செலுத்தப்பட்டு ஒரு பெண்மணி இறந்தார். அங்கும் நிறமற்ற திரவங்கள் லேபிள் இன்றி அருகருகே இருந்தன. ஆகவே சர்குலேட்டிங் நர்ஸ் (கிருமி நீக்கிய பகுதிக்கு வெளியே இருந்து பொருள்களைத் தருபவர்) மருந்தை ஊற்றுமுன் பெயர், செறிவு, காலாவதித் தேதி மூன்றையும் அவரும் நாமும் சேர்ந்து உரக்கப் படிப்பதையும், கிண்ணத்துக்கும் சிரிஞ்சுக்கும் தனித்தனியே உடனடியாக லேபிள் ஒட்டுவதையும், மருத்துவர் கையில் கொடுக்கும்போது பெயரையும் செறிவையும் மறுபடி சொல்வதையும், தேர்வுக்கான விடையாக மட்டும் படித்தால் பயனில்லை. (லேபிள் இல்லாத திரவம் என்ன செய்யப்படும் என்ற கேள்விக்கு, முகர்ந்து பார்ப்பதாக ஒருவர் எழுதியிருந்தார். கொட்டிவிட வேண்டும்.)

என் வகுப்பில் முதல் நாளே மூன்று கிண்ணங்களில் தண்ணீர் ஊற்றி, லிடோகெய்ன், ஹெப்பரின் கலந்த உப்புநீர், த்ராம்பின் என்று வாயால் மட்டும் சொல்லிவிட்டுப் பத்து நிமிடம் வேறு பாடம் நடத்துவேன். பிறகு, ரத்தத்தை உறையவைப்பதால் ரத்தநாளத்தில் ஒருபோதும் செலுத்தக் கூடாத த்ராம்பின் எந்தக் கிண்ணத்தில் இருக்கிறது என்று கேட்பேன். சிலர் சரியாகவே காட்டுகிறார்கள். எப்படித் தெரியும் என்று கேட்டால், நினைவிருக்கிறது என்கிறார்கள். அந்த விடைக்கு நான் மதிப்பெண் தருவதில்லை.