பேசின் பிரிட்ஜில் இடறும் குரல்

ராயபுரம் கல்மண்டபம் அருகே ஒரு டீக்கடை. பார்வையற்ற நண்பர் செல்பேசியைக் காதோடு ஒட்டி வைத்திருந்தார். அதிலிருந்து வந்த குரல் எனக்கு வண்டின் ரீங்காரம்; அத்தனை வேகம். அவருக்கோ அது முழுச் செய்தி. விரலை வலப்பக்கம் இழுத்தார், அடுத்த வரி வந்தது. இருமுறை தட்டினார், திறந்தது. திரையில் எங்கே தட்டினாலும் சரி, கடைசியாக எதை வாசித்ததோ அதுதான் திறக்கும்.

திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் இந்த மென்பொருளுக்குப் பெயர் திரைவாசிப்பான். அது பெரும்பாலும் திரையைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு செயலியும் 'இது பட்டன், இதன் பெயர் அனுப்பு' என்று உள்ளுக்குள் ஒரு பட்டியல் கொடுக்கிறது. வாசிப்பான் படிப்பது அதைத்தான். பெயர் எழுத மறந்தால் போச்சு. நண்பரின் பணம் அனுப்பும் செயலி ஒன்று புதுப்பிக்கப்பட்ட மறுநாள் முதல் 'பட்டன், பட்டன், பட்டன்' என்றே சொன்னது. மூன்றாவது பட்டன்தான் பணம் அனுப்பும் என்று மனப்பாடம் செய்துகொண்டார்.

பழைய எழுத்துருக்கள் இன்னொரு தொல்லை. பாமினி என்ற எழுத்துருவில் 'அம்மா' என்று நம் கண்ணுக்குத் தெரிவது, கணினிக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். வாசிப்பான் அதைத்தானே உளறும்? தமிழ் எழுத்துகளுக்கென்றே தனிக் குறியீடு உள்ள யுனிகோடில் இந்தக் கூத்து இல்லை.

எழுத்து சரியாக இருந்தாலும் ஒலி வேண்டுமே. 'பம்பரம்' என்று சொல்லிப் பாருங்கள். முதல் ப வேறு, இரண்டாவது ப வேறு. எழுத்து ஒன்றுதான், ஒலியை அது நிற்கும் இடம் முடிவு செய்கிறது. சொல்லின் முதலில் வந்தால் ஒன்று, ம்-ஐ அடுத்து வந்தால் இன்னொன்று. 'கடல்', 'தங்கம்', 'அகம்' மூன்றிலும் க இப்படித்தான் மாறுகிறது. நாம் பள்ளிக்குப் போகும் முன்பே பழகியதை, இயந்திரத்துக்கு விதியாக எழுதிக் கொடுக்கிறார்கள். தமிழ்ச் சொற்களுக்கு அந்த விதிகள் பெரும்பாலும் போதும்.

கடன் சொற்களிடம்தான் அவை தோற்கின்றன. வடசென்னையில் அதற்கா பஞ்சம்! 'பேசின் பிரிட்ஜ்' என்ற ரயில் நிலையப் பெயரை, விதியை மட்டும் நம்பும் குரல் பம்பரத்தின் இரண்டாவது ப வரவேண்டிய இடத்தில் முதல் ப போட்டுப் படிக்கிறது. யாரோ பேசினால் ஏதோ நடக்கும் என்பதுபோல் ஒலிக்கும். ஏராளமான மனிதப் பேச்சைக் கேட்டுப் பழகிய புதிய குரல்கள் இதில் தேவலாம்.

நண்பர் வீட்டுக் கணினியில் இருப்பது என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான். பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய இலவச மென்பொருள் அது. 'இதைக் கண்டால் இப்படிச் சொல்' என்று நாமே சேர்க்கும் அகராதி அதில் உண்டு. பேசின் பிரிட்ஜை ஆங்கில எழுத்தில் மாற்றிக் கொடுத்துச் சரிசெய்துவிட்டார். பீச் ஸ்டேஷனை மட்டும் தொடவில்லை. குரல் அதைச் சொல்லும்போதெல்லாம் சிரிப்பு வருகிறதாம், இருந்துவிட்டுப் போகட்டும் என்கிறார்.