டெக்சாஸ் ஹைஸ்கூல் விளையாட்டு: ப்ளே-ஆஃப் தகுதி பறிபோகும் இடங்கள்

டெக்சாஸில் அரசுப் பள்ளிகளுக்கான போட்டிகளை நடத்துவது யூ.ஐ.எல். (யுனிவர்சிட்டி இன்டர்ஸ்கொலாஸ்டிக் லீக்). ஆஸ்டினில், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் அமைப்பு. அதைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். களத்தில் ஜெயித்த பிள்ளைகள் ஒரு ஃபாரத்தாலோ ஒரு மார்க்காலோ பெஞ்சில் உட்கார நேர்வது எப்படி என்பதுதான் டாலஸ் அருகே ஃபிரிஸ்கோவிலும் ஹூஸ்டன் அருகே கேட்டியிலும் குடியிருக்கும் நம் குடும்பங்களுக்குத் தெரிய வேண்டியது. பள்ளி இதைத் தானாகக் கூப்பிட்டுச் சொல்லும் என்று காத்திருக்காதீர்கள்.

முதலில் வரிசை. உங்கள் ஐ.எஸ்.டி. (ஊர்ப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) வேறு, யூ.ஐ.எல். டிஸ்ட்ரிக்ட் வேறு. மாணவர் எண்ணிக்கையையும் இருப்பிடத்தையும் பார்த்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பள்ளிகளைப் பிரித்துப் போடுவதுதான் இந்த டிஸ்ட்ரிக்ட். பெரும்பாலான டீம் விளையாட்டுகளில் ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டிலும் முதல் நான்கு இடம் பிடிப்பவை ப்ளே-ஆஃபுக்கு, அதாவது தோற்றால் வெளியேறும் சுற்றுகளுக்குப் போகும். அந்த வரிசைக்கு டிஸ்ட்ரிக்டுக்குள் ஆடும் ஆட்டங்கள் மட்டுமே கணக்கு. சீசன் தொடக்கத்தில் வெளி டீம்களை எத்தனை முறை வென்றிருந்தாலும் அதில் சேராது. 5ஏ, 4ஏ போன்ற பிரிவுகளின் அமெரிக்க ஃபுட்பாலில், முதல் சுற்றில் உங்கள் டிஸ்ட்ரிக்டின் முதலிடம், அதோடு ஜோடி சேர்த்த டிஸ்ட்ரிக்டின் நான்காமிடத்தோடு மோதும், இரண்டாமிடம் மூன்றாமிடத்தோடு.

மிகப் பெரிய பள்ளிகளின் பிரிவான 6ஏ-யின் ஃபுட்பால் வேறு மாதிரி; 2024-25 முதல் வாலிபால், பேஸ்கட்பால் போன்ற டீம் விளையாட்டுகளும் அப்படித்தான். தகுதி பெற்ற நான்கு பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை அதிகமுள்ள இரண்டும் டிவிஷன் 1, மற்ற இரண்டும் டிவிஷன் 2; இரண்டுக்கும் தனித்தனி ப்ளே-ஆஃப். எந்த இடத்தில் முடித்தீர்கள் என்பது டிவிஷனைத் தீர்மானிக்காது.

சமநிலை வந்தால்தான் சிக்கல். அதை எப்படித் தீர்ப்பது என்று ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டின் நிர்வாகக் குழுவும் தானே விதி எழுதிக்கொள்கிறது. மூன்று டீம்கள் ஒன்றையொன்று வென்று நின்றால் பல இடங்களில் புள்ளி வித்தியாசம் பார்ப்பார்கள், ஆனால் ஓர் உச்சவரம்போடு. வரம்பு 15 என்று வைத்துக்கொள்வோம். அ, ஆ-வை 30 புள்ளியில் வென்றது; ஆ, இ-யை 10-இல் வென்றது; இ, அ-வை 17-இல் வென்றது. வரம்பு இல்லையென்றால் அ-வுக்கு +13, இ-க்கு +7, ஆ-வுக்கு -20. அ முதலிடம். வரம்பு இருந்தால் அ-வுக்கு 0, இ-க்கு +5, ஆ-வுக்கு -5. முதலிடம் இ-க்குப் போய்விட்டது. இதுவும் தீராவிட்டால் நாணயம் சுண்டுவதுவரை போகும். ஆகவே சீசன் தொடங்கும்போதே அந்த விதித் தாளை அத்லெட்டிக் டைரக்டரிடம் கேட்டு வாங்குங்கள். ஃபுட்பால் சீசன் முடியும் நவம்பரில் வாதாடிப் பயனில்லை.

அடுத்தது தகுதி. பிள்ளைகள் அதிகம் அடிபடுவது இங்கேதான்.

மார்க் விதி: தரமதிப்பீட்டுக் காலம் முடியும்போது எந்தப் பாடத்திலும் 70-க்குக் கீழே போகக்கூடாது. போனால் காலம் முடிந்து 7 நாள் கழித்துத் தடை அமலுக்கு வரும். குறைந்தது மூன்று பள்ளி வாரம் நீடிக்கும். பயிற்சிக்குப் போகலாம், போட்டியில் இறங்கக்கூடாது. கல்லூரி அளவிலான கடினமான ஏ.பி. பாடங்களுக்கு விலக்கு உண்டு என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். உண்டுதான், ஆனால் விலக்குப் பட்டியலில் அந்தப் பாடம் இருக்க வேண்டும். பள்ளியின் வழிகாட்டிக் கவுன்சிலரிடம் எழுத்தில் உறுதிப்படுத்துங்கள். இன்னொன்று, ‘இன்கம்ப்ளீட்’ என்று வரும் கிரேடு. பாஸும் இல்லை ஃபெயிலும் இல்லை என்று அலட்சியமாக விட்டால், அந்த 7 நாள் தாண்டியதும் அது ஃபெயிலுக்குச் சமம்.

வயது, வருட விதி: செப்டம்பர் 1 அன்று 19 வயது ஆகியிருக்கக்கூடாது. ஒன்பதாம் வகுப்பில் முதன்முதலாகச் சேர்ந்த நாளிலிருந்து தொடர்ந்து நான்கு வருடம்தான் ஆடலாம். சென்னையில் ஒன்பதாவது படித்துவிட்டு வந்த பிள்ளையை இங்கே மறுபடி ஒன்பதாவதில் போட்டால், கடைசி வருடம் கையைவிட்டுப் போகலாம். சேர்க்கும் அன்றே கேளுங்கள்.

பள்ளி மாறுவது எல்லாவற்றையும்விடப் பெரிய கண்ணி. புதிய பள்ளியில் அந்த வருடம் வகுப்புகள் தொடங்கிய ஆறாவது நாளுக்குள் சேர்ந்திருக்க வேண்டும். பிந்தினால் போட்டிக்கு முன் 15 நாள் படித்திருக்க வேண்டும். இது சுலபம். அடுத்தது ‘முந்தைய விளையாட்டுப் பங்கேற்பு ஃபாரம்’. பழைய பள்ளியில் ஆடியிருந்தால் இது முடியாமல் வார்சிட்டியில் (பள்ளியின் முதல் நிலை டீமில்) இறங்கவே முடியாது. விளையாட்டுக்காகத்தான் மாறினாரா, கோச்சுடன் மனக்கசப்பு இருந்ததா என்று அதில் பழைய பள்ளியைக் கேட்கிறார்கள். அங்கே ‘ஆம்’ என்று விழுந்தால் நிர்வாகக் குழு விசாரிக்கும். விளையாட்டுக்காகத்தான் என்று முடிவானால் குறைந்தது ஒரு வருடம் வார்சிட்டி கிடையாது. அந்தக் குழுவில் உட்காருபவர்கள் யார்? அதே டிஸ்ட்ரிக்டில் உங்களோடு மோதும் பள்ளிகளின் சூப்பரின்டெண்டென்ட்கள் (ஐ.எஸ்.டி.யின் தலைமை அதிகாரிகள்) அல்லது அவர்கள் அனுப்பும் ஆட்கள். எதிராளியே நீதிபதியாக உட்காரும் ஏற்பாடு இது. ஆகவே பள்ளி மாறும் முன் கோச்சுக்கு, ‘இந்த டீமில் சேர ஆசை’ என்று மெயில் போடாதீர்கள். அதுவே சாட்சியாகிவிடும்.

வீடு மாறினால் மட்டும் போதாது, உண்மையில் குடிபோயிருக்க வேண்டும். பழைய வீட்டைக் காலி செய்யாமல் புதுப் பள்ளியின் எல்லைக்குள் அபார்ட்மென்ட் வாடகைக்கு எடுத்தால் ஏற்க மாட்டார்கள். லீஸ், கரண்ட் பில், புது முகவரியில் டிரைவிங் லைசென்ஸ், பழைய வீட்டை விற்றதற்கோ காலி செய்ததற்கோ ஆதாரம் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். தம்பியோ தங்கையோ இன்னும் பழைய பள்ளியிலேயே படித்தால் அதையும் கேட்பார்கள். பிள்ளையை மட்டும் சித்தப்பா வீட்டில் விட்டுச் சேர்ப்பது இன்னும் ஆபத்து: கோர்ட் மூலம் பெற்ற கார்டியன் உரிமைக்கு ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும். ஐ.எஸ்.டி.யே பள்ளியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், முதலில் எடுத்த பள்ளியில்தான் தகுதி. பிறகு மாற்றினால் ஒரு வருடம் போச்சு.

இவற்றில் ஒன்று தவறி, தகுதியில்லாத ஒருவர் ஒரு நிமிடம் இறங்கினாலும் அந்த ஆட்டம் பறிபோகும். இரண்டாமிடம் ஐந்தாமிடமாக அது ஒன்றே போதும். பாதிக்கப்படுவது உங்கள் பிள்ளை மட்டுமல்ல, டீம் முழுவதும். பள்ளி மாறியதால் நிறுத்தப்பட்ட பிள்ளை, இரண்டாம் நிலை டீமான ஜூனியர் வார்சிட்டியில் ஆடலாம் என்பதைப் பலரும் சொல்வதில்லை. பள்ளி மாற்ற ஃபாரமும் வசிப்பிட விதியும் வார்சிட்டிக்கு மட்டும்தான்.

தடை வந்தால் எந்தக் கதவைத் தட்டுவது என்பதிலேயே வாரங்கள் வீணாகின்றன. வசிப்பிட விதியிலும் நான்கு வருட விதியிலும் சிக்கினால் யூ.ஐ.எல்.-இன் விலக்கு அதிகாரிக்கு, பள்ளி வழியாக மனு. ‘விளையாட்டுக்காக மாறினார்’ என்ற தீர்ப்புக்கு அந்த மனு செல்லாது. மாநில நிர்வாகக் குழுவிடம் மேல்முறையீடுதான். விசாரணைக்கு நீங்களும் பிள்ளையும் நேரில் போங்கள். கோப்பின் நகலைக் கையில் வைத்திருங்கள், முடிவை எழுத்தில் கேளுங்கள், மேல்முறையீட்டுக்குக் கடைசித் தேதி எது என்று அந்த அறையை விட்டு வெளியே வரும் முன்பே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.