‘அனுப்பிட்டேன்’ என்ற ஒரு சொல்லுக்கு ஆங்கிலத்தில் ஐந்து நாற்காலிகள்

அலுவலக ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. முதல் வகுப்பில் நான் பலகையில் எழுதிப்போடும் சொல் ஆங்கிலச் சொல்லே இல்லை. ‘அனுப்பிட்டேன்.’ இதை ஆங்கிலத்தில் சொல்லுங்கள் என்று கேட்பேன். ‘ஐ சென்ட்’, ‘ஆல்ரெடி ஐ சென்ட்’, ‘ஐ ஹேவ் சென்ட் ஆல்ரெடி’, ‘ஐ ஹேட் சென்ட்’ என்று நாலா பக்கமிருந்தும் பதில் வரும். சென்ட் எல்லோருக்கும் தெரியும், ஆல்ரெடியும் தெரியும். எந்தச் சொல் எங்கே உட்காரவேண்டும் என்பதில்தான் குழப்பம்.

‘ஐ ஹேவ் ஆல்ரெடி சென்ட் இட்.’ ஐந்து சொற்கள். நம்முடைய ஒற்றைச் சொல்லுக்குள் இந்த ஐந்துமே அடங்கிவிடுகின்றன. கடைசியில் இருக்கும் ‘ஏன்’ விகுதி, ‘நான்’ என்று சொல்லிவிடுகிறது. நடுவில் இருக்கும் ‘விடு’, காரியம் முடிந்தது, அதில் இனி மிச்சமில்லை என்கிறது. எதை அனுப்பினோம் என்பது கேட்பவருக்குத் தெரியும், அதனால் அதை நாம் சொல்வதே இல்லை. ஆங்கில வினையில் இப்படி ஒட்டிக்கொள்ள இன்று அதிகம் எதுவும் கிடையாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் விகுதிகளும் வேற்றுமை உருபுகளும் நிறைய இருந்தன, சொற்களும் இவ்வளவு இறுக்கமாக வரிசையில் நிற்கவில்லை. உருபுகள் தேயத் தேய, அவை செய்த வேலையைச் சொல்லின் இடம் எடுத்துக்கொண்டது. ஹீ, ஹிம் என்று பிரதிப்பெயர்களில் அந்தப் பழைய உருபின் மிச்சம் இன்னும் தெரிகிறது.

சென்ட், சீன், ரிட்டன், கான் எல்லாம் பாஸ்ட் பார்ட்டிசிபிள். பள்ளியில் வினையின் மூன்றாம் வடிவம் என்று மனப்பாடம் செய்தோமே, அதுதான். ‘ஐ ஹேவ் வென்ட்’ என்று சொல்பவர்களைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. பட்டியலை இன்னொரு முறை புரட்டினால் அது சரியாகிவிடும். பட்டியலைக் கரைத்துக் குடித்தவர்களும் தடுக்கி விழும் இடங்கள் வேறு.

முதலாவது, ‘நேற்று’. ‘நேற்றே அனுப்பியிருக்கிறேன்’ என்று தமிழில் சொல்லலாம், யாரும் திருத்தமாட்டார்கள். அதே நினைப்பில் ‘ஐ ஹேவ் சென்ட் இட் யெஸ்டர்டே’ என்று எழுதிவிடுகிறோம். ஆங்கில ‘ஹேவ்’ இன்றைய நிலையைப் பார்த்துப் பேசும் சொல். யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், இன் 2019 என்று முடிந்துபோன காலத்தைக் குறிப்பிட்டுவிட்டால் அது அங்கே நிற்காது. ‘ஐ சென்ட் இட் யெஸ்டர்டே’ என்றால் போதும். ஆல்ரெடி, யெட், நெவர், ரீசென்ட்லி போன்றவற்றோடு ஹேவ் நன்றாகச் சேர்ந்துகொள்ளும். அமெரிக்கர்கள் இதில் கொஞ்சம் தளர்வு. ‘டிட் யூ ஈட் ஆல்ரெடி?’ என்பது அங்கே சாதாரணப் பேச்சு.

ஹேவ் தப்பு என்று ஒருமுறை திருத்தப்பட்டவர்கள் அடுத்து ஓடிப் பதுங்குவது ‘ஹேட்’டுக்குள். ‘ஐ ஹேட் சென்ட் இட் யெஸ்டர்டே.’ தமிழில் ‘அனுப்பியிருந்தேனே’ என்று ஒருவர் நிறுத்தினால், அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்கத் தோன்றும் அல்லவா? ஆங்கிலம் படிப்பவரும் அப்படித்தான் அடுத்த வரிக்குக் காத்திருப்பார். ‘ஷீ கால்டு, பட் ஐ ஹேட் ஆல்ரெடி சென்ட் இட்’ என்று, கடந்த காலத்திலேயே நடந்த இன்னொன்று பக்கத்தில் இருந்தால்தான் அந்த ஹேட்டுக்கு வேலை.

இனி எனக்குப் பிடித்த இடம். என் வகுப்புக்கு வந்த ஒருவர் இரவெல்லாம் கண்விழித்து ஒரு அறிக்கையைத் தயாரித்திருக்கிறார். காலையில் மேலாளருக்கு எழுதிய மின்னஞ்சலில் ‘ஐ ஹேட் இட் ப்ரிப்பேர்டு’ என்று போட்டார். பதில் வந்தது: ‘நல்லது, யார் தயாரித்தது?’ பாவம், அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

‘ஐ ஹேட் ப்ரிப்பேர்டு இட்’ என்றால் நானே தயாரித்திருந்தேன். ‘ஐ ஹேட் இட் ப்ரிப்பேர்டு’ என்றால் பெரும்பாலும் ஆள் வைத்துத் தயார் செய்தேன் என்று பொருள். இரண்டிலும் அதே நான்கு சொற்கள்தான். ‘இட்’ பார்ட்டிசிபிளுக்கு முன்னால் வந்ததும், வேலையைச் செய்தவர் மாறிவிட்டார். ‘ஐ ஹேட் மை ஹேர் கட்’ என்பதும் இந்த வகைதான். வெட்டியது நானல்ல.

இதற்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. ஹேவோடு பார்ட்டிசிபிள் சேரும் இந்த அமைப்பே, ‘எழுதப்பட்ட நிலையில் கடிதம் என்னிடம் இருக்கிறது’ என்பது போன்ற உடைமை வாக்கியத்திலிருந்து வளர்ந்தது. அப்போது ரிட்டன் என்பது கடிதத்துக்கு அடைமொழி, நம் பெயரெச்சம் மாதிரி. பிறகு அது இடம் மாறி ஹேவின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, ‘எழுதியிருக்கிறேன்’ என்ற பொருளுக்கு வந்தது. தமிழில் ஹேவுக்கு நேரான வினையே கிடையாது, ‘என்னிடம் இருக்கிறது’ என்றுதான் சொல்வோம். அதே ‘இரு’தான் ‘எழுதியிருக்கிறேன்’ என்பதிலும் வந்து நிற்கிறது. ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு மொழிகள், ஒரு பொருள் நம்மிடம் உள்ளது என்று சொல்லும் வினையையே இதற்கும் எடுத்துக்கொண்டிருக்கின்றன. வகுப்பில் இதைச் சொன்னால் பாதிப் பேர் கைப்பேசியைப் பார்ப்பார்கள், ஆனாலும் நான் சொல்லாமல் விடுவதில்லை.

பார்ட்டிசிபிள், பிரதிப்பெயர், அட்வெர்ப் என்ற வினையடை, இந்த மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்காரும் வாக்கியம் ஒன்று உண்டு. ‘ஹேவ் யூ ஸ்விட்ச்டு இட் ஆஃப்?’ ஸ்விட்ச்டு பார்ட்டிசிபிள், இட் பிரதிப்பெயர், ஆஃப் வினையோடு சேர்ந்து வரும் அட்வெர்ப். ஃபேன் என்று பெயரையே சொல்வதானால் ‘ஸ்விட்ச்டு ஆஃப் த ஃபேன்’, ‘ஸ்விட்ச்டு த ஃபேன் ஆஃப்’ இரண்டும் சரி. இட் வந்தால் நடு இடம் மட்டும்தான். ‘ஸ்விட்ச்டு ஆஃப் இட்’ என்று யாரும் சொல்வதில்லை. பிக் இட் அப், த்ரோ இட் அவே எல்லாம் இப்படித்தான். ஆனால் லுக் ஆஃப்டர் என்பதில் ஆஃப்டர் அட்வெர்ப் அல்ல, அதனால் அங்கே ‘லுக்டு ஆஃப்டர் ஹிம்’. இதற்கு விதியைவிடக் காதுதான் உதவும். நான்கைந்து வாக்கியங்களை உரக்கச் சொல்லிப் பார்த்தால் பிடிபட்டுவிடும்.

கேர்ஃபுல்லி, குவிக்லி போன்றவை வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவே நுழையக் கூடாது. ‘ஐ ஹேவ் செக்டு கேர்ஃபுல்லி இட்’ என்றால் கேட்பவர் நெற்றியைச் சுருக்குவார். ‘செக்டு இட் கேர்ஃபுல்லி’ என்று சொன்னால் சரி.

ஸ்டில், யெட் இரண்டிலும் இடத்தோடு தொனியும் மாறும். ‘ஐ ஹேவன்ட் ரிசீவ்டு இட் யெட்’ வெறும் தகவல். ‘ஐ ஸ்டில் ஹேவன்ட் ரிசீவ்டு இட்’ என்பதில் கொஞ்சம் எரிச்சல் கேட்கும். ‘ஐ ஹேவ் ஆல்ரெடி டோல்ட் யூ’ அதைவிடக் காரம், ‘எத்தனை தடவை சொல்வது’ என்ற தொனி வந்துவிடும். வாடிக்கையாளருக்கு எழுதும்போது அந்த ஆல்ரெடியை எடுத்துவிடச் சொல்வேன்.

பேச்சில் இன்னொரு தொல்லை. ஹேஸ், இஸ் இரண்டும் தேய்ந்து வெறும் ‘ஸ்’ ஆகிவிடும். ‘இட்ஸ் ப்ரோக்கன்’ என்றால் அது இஸ், உடைந்து கிடக்கிறது. ‘ஹீஸ் ப்ரோக்கன் இட்’ என்றால் ஹேஸ், அவர் உடைத்துவிட்டார். கடைசியில் வரும் இட்டைக் கேட்டால்தான் எது எதுவென்று தெரியும். அந்த இட்டைத்தான் நாம் அடிக்கடி விட்டுவிடுகிறோம், தமிழில் அது தேவைப்படாததால்.

போன மாதம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒருவர் கையைத் தூக்கினார். ‘ஹீஸ் ப்ரோக்கன் என்று மட்டும் சொன்னால்?’ மனிதர் மனமுடைந்து போயிருக்கிறார் என்று பொருள் என்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். கூட வேலை செய்பவர் மடிக்கணினித் திரையை உடைத்துவிட்டதை மேலாளருக்கு அப்படித்தான் எழுதி அனுப்பியிருந்தாராம். மேலாளர் உடனே அந்த நண்பரைக் கூப்பிட்டு, இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார்.