தளவாடமா, தளபாடமா?

பெரியம்மா வீட்டில் தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. "இராணுவத் தளவாட ஏற்றுமதி" என்று வாசித்தார்கள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெரியம்மா நிமிராமலே கேட்டார்: "என்ன தம்பி, ஆமிக்காரருக்குக் கதிரை மேசையோ அனுப்புகினம்?"

சிரித்துவிட்டேன். ஆனால் பிழை பெரியம்மாவில் இல்லை. ஆயுதம் செய்யும் தொழிலைத் தமிழில் என்னவென்று எழுதுவது என்ற என் கேள்வியும் இங்கேதான் தொடங்குகிறது. யாழ்ப்பாணத்தில் கதிரை, கட்டில், அலுமாரி விற்கும் கடைதான் தளபாடக்கடை. தமிழ்நாட்டில் தளவாடம் என்றால் பீரங்கியும் குண்டும். பழைய அகராதிகளில் கருவி, உபகரணம், ஒரு வேலைக்கு வேண்டிய சாமான் என்ற பொதுப்பொருளே இருக்கிறது. உபமை உவமையானதும் பாபம் பாவமானதும் போலப் பகரமும் வகரமும் மாறி, ஒரே சொல் இரண்டு வடிவில் நடக்கிறது. தளபதி, தளவாய் என்ற சொற்களில் படை என்னும் பொருளில் வரும் தளமே இதன் முற்பகுதி என்று கொள்வது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அப்படியானால் அங்கே சொல் பாசறையிலேயே நின்றுவிட்டது, இங்கே வீட்டு விறாந்தைக்கு வந்துவிட்டது.

அலுமாரியும் அப்படித்தான். 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த போர்த்துக்கேயரின் 'அர்மாரியோ' அது. அதன் இலத்தீன் மூலம் 'அர்மா', அதாவது கருவிகளும் ஆயுதங்களும். அவற்றை வைக்கும் பேழைதான் முதல் அலுமாரி. இப்போது அதற்குள் கூறைச்சேலை இருக்கிறது.

சரி, செய்தி வாசித்தவர் சொன்ன பொருளுக்கு வருவோம். ஒரு நாட்டின் படைக்குத் துவக்கு, ரவை (துப்பாக்கிக் குண்டு), எறிகணை, போர்க்கப்பல், விமானம் முதலியவற்றைச் செய்து கொடுக்கும் தொழில் அது. ஸ்டொக்ஹோம் சர்வதேச அமைதி ஆய்வு நிறுவனத்தின் கணக்கில், 2023இல் உலகின் முதல் 100 நிறுவனங்கள் ஆயுதத்தால் மட்டும் பெற்ற வருமானம் 632 பில்லியன் டொலர். அவ்வளவு பெரிய தொழிலுக்கு நம் நாளிதழ்கள் நாளுக்கொரு பெயர் வைக்கின்றன: ஆயுத உற்பத்தி, பாதுகாப்புத் தொழில், போர்த்தளவாடத் துறை. இவற்றில் 'பாதுகாப்புத் தொழில்' எனக்குச் சற்றும் பிடிக்காதது. கேட்டால் வங்கி வாசலில் நிற்கும் காவலாளிதான் நினைவுக்கு வருவார்.

இலங்கை அரசுத் தமிழ் வழக்கைப் பின்பற்றினால் 'ஆயுதக் கைத்தொழில்' என்று எழுத வேண்டும். பாரிய ஆலையும் இங்கே கைத்தொழில்தானே. ஆனாலும் அந்தக் 'கை' சும்மா இராது. வன்னியில் குழல்வாய் வழியாக மருந்தை இடித்து நிரப்புகிற இடியன் துவக்குத்தான் கண்முன் நிற்கும். (துவக்கு, துப்பாக்கி இரண்டும் துருக்கியத் 'துஃபெக்' வழி வந்தவை. சிங்களத்திலும் துவக்குவ.)

ஆயுதம் வடசொல். அதற்காக அதை ஒதுக்கத் தேவையில்லை, எல்லோருக்கும் விளங்கும் சொல். ஆனால் தமிழில் அதற்கு நேரான சொல் படை. இன்று படை என்றால் சேனை என்று மட்டும் எண்ணுகிறோம். "படைகொண்டார் நெஞ்சம்போல்" என்று வள்ளுவர் சொல்லும்போது, கையில் கொலைக்கருவி எடுத்தவரைத்தான் சொல்கிறார். சேனையோடு குழம்பாமலிருக்கக் கலம் சேர்ந்து படைக்கலம் ஆகிறது. அணிகலத்தில் இருக்கும் அதே கலம்.

தொழிலுக்கும் பழைய பெயர் உண்டு. அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் போன ஒளவையார், புறநானூற்று 95ஆம் பாட்டில், உன் படைக்கலங்கள் மயிற்பீலி சூடி நெய் பூசி மாளிகையில் இருக்கின்றன, எம்மவன் அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து "கொற்றுறைக் குற்றில" என்கிறார். கொல்லனின் பட்டறைச் சிறுகொட்டிலில் கிடக்கின்றனவாம். புகழ்வது போல் ஏசிய அந்தச் சாதுரியத்தைத்தான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். எனக்கு இப்போது கண்ணில் படுவது கொற்றுறை, அதாவது கொல்துறை என்ற சொல். பழுதுபார்ப்பு நிலையத்தோடு ஆயுதத் தொழில் அங்கே தெரிகிறது. 312ஆம் பாட்டில் பொன்முடியார் "வேல்வடித்துக் கொடுத்தல் கொல்லற்குக் கடனே" என்று, வழங்குபவரின் கடமையையும் சொல்லிவிடுகிறார்.

ஆகவே கட்டுரையில் எழுத 'படைக்கலத் தொழிற்றுறை' என்பதே என் தெரிவு. கொல்துறையின் துறையும் அதில் இருக்கிறது. ரவை, எறிகணை போன்றவற்றை மட்டும் குறிக்க வெடிபொருள் போதும். ஒரு குறிப்பிட்ட ஆலையைச் சொல்லும்போது இந்தச் சிரமம் எதுவும் வேண்டாம். 1966இல் தொடங்கியது திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலை, 1903இல் தொடங்கியது நீலகிரியின் அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலை. செய்வது எதுவோ அதுவே பெயர். இந்திய அரசு 2021 ஒக்டோபரில் இவற்றை நிர்வகித்த வாரியத்தைக் கலைத்து ஏழு நிறுவனங்களாக்கி, புதுப்பெயர்களும் சூட்டியது. ஊர்ச்சனம் பழைய பெயரைத்தான் சொல்கிறது.

பெரியம்மாவுக்கு இவ்வளவையும் சொன்னேன். "அப்ப அந்த அலுமாரியை ஒருக்கால் துடைச்சு விடு" என்றார்.