நீர்த்தெள்ளு

டப்னியா என்று உயர்தர உயிரியல் மாணவர்கள் எழுதும் சின்னஞ்சிறு நீர்வாழ் உயிருக்கு நான் சொல்லிக்கொடுக்கும் தமிழ்ப் பெயர் நீர்த்தெள்ளு. நாயின் மயிருக்குள் ஓடித் துள்ளுமே, அந்தத் தெள்ளுதான் பெயரின் பின்பாதி. ஆனால் இது பூச்சியே அல்ல. இறாலுக்கும் நண்டுக்கும் சொந்தம். அதனால் ‘நீர்ப்பூச்சி’ என்று எழுதுவதை நான் ஏற்பதில்லை.

கிளைவிட்ட உணர்கொம்புகளை ஒருதரம் வீசினால் எம்பும், வீச்சு நின்றதும் மெல்ல அமிழும், மறுபடி எம்பும். 17ஆம் நூற்றாண்டிலேயே ஒல்லாந்து உயிரியலாளர் ஸ்வாமர்டாம் இதைக் ‘கிளைத்த நீர்த்தெள்ளு’ என்ற பொருளில் லத்தீனில் எழுதிவிட்டார். டப்னியா என்பது 1785இல் டென்மார்க்கு உயிரியலாளர் மியூலர் இட்டது. கிரேக்கக் கதையில் துரத்தப்பட்டு மரமாகிப்போன டாப்னியை நினைவூட்டும் பெயர். அழகுதான், ஆனால் கண்முன் துள்ளும் உயிரைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. தெள்ளு சொல்கிறது. தமிழில் தெள்ளுக்குத் தெளிவு என்ற பொருளும் உண்டல்லவா? நுணுக்குக்காட்டியில் பாருங்கள்: முதுகுப்பக்கம் இதயம் படபடவென்று அடிப்பதும் குடலில் பச்சை அல்கா, அதாவது தின்ற பாசி, நிற்பதும் ஓட்டுக்கு வெளியே அப்படியே தெரியும்.

இது விலங்குப் பிளாந்தன், அதாவது நீரோடு மிதந்தலையும் சிறு விலங்குகளின் கூட்டத்தைச் சேர்ந்தது. பிளாந்தன், அலைவது என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து 1887இல் ஜெர்மன் உயிரியலாளர் ஹென்சன் ஆக்கியது. மிதவையுயிர் என்றாலே போதும்.

வளர்க்கப் போனால்தான் இதன் மென்மை புரியும். கொழும்பு வெள்ளவத்தை வீட்டில் நான் முதன்முதலில் ஜாம் போத்தலில் விட்டவை ஒரே இரவில் செத்துப்போயின. குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றியிருந்தேன். அதிலிருந்த குளோரினை அவை தாங்கவில்லை. இப்போது வாளியில் பிடித்து, ஒன்றிரண்டு நாள் திறந்துவைத்த பிறகுதான் ஊற்றுகிறேன். செம்பு படக் கூடாது, துளியளவும் நஞ்சு. தீனிக்கு மதுவம் (ஈஸ்ட்) கரைத்து விடலாம், தண்ணீர் லேசாகக் கலங்கினால் சரி. கூடினால் அழுகி ஒட்சிசன் குறையும். அப்போது தெளிந்த உடல் சிவக்கத் தொடங்கும், ஒட்சிசனைப் பிடிக்க அது ஈமோகுளோபின் என்ற சிவப்புப் பொருளைக் கூட்டிக்கொள்வதால். கொழும்புச் சூடும் இதற்கு ஆகாது. டப்னியாவுக்கு 20 பாகை செல்சியஸ் இதம், நம் அறைகளோ 30ஐத் தொடும். புதிதாக வளர்ப்பவர்கள் சூடு தாங்கும் மொயினாவில் தொடங்கலாம், அதுவும் நீர்த்தெள்ளுதான்.

இடம் மாற்றும்போது வலையால் அள்ளாதீர்கள். ஓட்டுக்கடியில் காற்றுக்குமிழ் புகுந்தால் நீர்மட்டத்தில் ஒட்டிக்கொண்டு, இறங்க முடியாமல் செத்துவிடும். வாய் அகன்ற குழாயியால் (பிப்பெட்) உறிஞ்சி, முனையை நீருக்குள் அமிழ்த்தியே விடுங்கள். அப்படியும் ஒன்றிரண்டு மேலே நின்றால் அவற்றின்மேல் ஒரு துளி தண்ணீர் சொட்டிப் பார்ப்பேன். பெரும்பாலும் இறங்கிவிடும், இறங்கியதும் துள்ளும்.