ஊரடங்கிலும் பிரஷர் மாத்திரை நிற்கக் கூடாது

கொரோனா காலத்தில் பக்கவாதத்தால் ஒரு கை, ஒரு கால் விழுந்து சிகிச்சைக்கு வந்தவர்களிடம் நான் முதலில் கேட்டது, "பிரஷர் மாத்திரையை எப்போது நிறுத்தினீர்கள்?" என்றுதான். பலருக்கும் பதில் தயாராக இருந்தது. பஸ் ஓடவில்லை, ஜிஎச் போக முடியவில்லை என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கேயே தொற்றிக்கொள்ளும் என்று பிள்ளைகள் தடுத்துவிட்டார்கள் என்றார்கள். வேலை இல்லாததால் அரிசி, பருப்புக்கே பணம் போதவில்லை என்று சொன்னவர்களும் உண்டு. எல்லாவற்றையும்விட அதிகம் கேட்டது இதுதான்: "தலைவலி, கிறுகிறுப்பு ஒண்ணும் இல்ல சார், அதான் விட்டுட்டேன்."

பிரஷர் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. 180 இருக்கும்போதும் ஒருவர் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருப்பார். மாத்திரையை விட்ட அன்றே ஒன்றும் ஆகிவிடாது. அந்தத் தைரியத்தில்தான் வாரங்கள் ஓடிவிடுகின்றன. அட்டெனலால், குளோனிடின் போன்ற பிரஷர் மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினாலோ, முன்பு இருந்ததைவிட வேகமாக அழுத்தம் எகிறும்.

2020 மார்ச்சில் இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. கொரோனா வைரஸ் நம் செல்களுக்குள் நுழைய 'ஏஸ்-2' என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன், எனலாப்ரில் வகை பிரஷர் மாத்திரைகள் அந்தப் புரதத்தைக் கூட்டக்கூடும் என்று விலங்கு ஆய்வுகளை வைத்து மருத்துவ இதழ்களில் ஒரு சந்தேகம் எழுப்பப்பட்டது. மருத்துவர்கள் விவாதித்து முடிப்பதற்குள் அது வாட்ஸ்அப்பில் தீர்ப்பாகவே வந்துவிட்டது. ஒரு அம்மா மஞ்சள் பையிலிருந்து பிரிக்காத மாத்திரை அட்டைகளை எடுத்து மேசையில் வைத்து, "இத சாப்பிட்டா கொரோனா சீக்கிரம் ஒட்டிக்குமாமே டாக்டர்" என்றார். பார்த்தால் பிரஷர் 190/110. மாத்திரை கையிலேயே இருந்தும் பயத்தால் அவர் சாப்பிடவில்லை.

ஐரோப்பிய இதயநோய் மருத்துவர்களின் அமைப்பு 2020 மார்ச் 13 அன்றே இந்த மாத்திரைகளை நிறுத்த வேண்டாம் என்று அறிவித்தது. பிறகு பிரேசிலில் கொரோனாவோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்த 659 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு 30 நாள் இந்த மாத்திரைகளை நிறுத்தியும் மற்ற பிரிவுக்குத் தொடர்ந்தும் பார்த்தார்கள். நிறுத்தியதால் ஒரு பலனும் கிடைக்கவில்லை. 2021 ஜனவரியில் அந்த முடிவு வெளியானது. ஆனாலும் இன்றைக்கும் காய்ச்சல் பரவும் ஒவ்வொரு முறையும் அதே சந்தேகத்தோடு யாராவது வருகிறார்கள்.

இதில் ஒரே ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். காய்ச்சலோடு கடுமையான வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்து, உடம்பில் நீர் வற்றிப்போனால், அழுத்தம் தானாகவே இறங்கும். அப்போது டெல்மிசார்ட்டன் வகையும் சிறுநீரைக் கூட்டும் மாத்திரைகளும் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். அந்த நேரத்தில் மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். எதை எத்தனை நாள் நிறுத்துவது என்பதை அவர் சொல்லட்டும்.

காய்ச்சலுக்கு பாராசிட்டமால் போதும், ஆனால் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் நுரைக்கிற வகை வேண்டாம், அதில் சோடியம் அதிகம். டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் பிரஷரை ஏற்றும், பிரஷர் மாத்திரையின் வேலையையும் கெடுக்கும். மூக்கடைப்புக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் சளி மாத்திரைகள் பலவற்றில் ஃபீனைல்எஃப்ரின் இருக்கிறது. அதுவும் அழுத்தத்தை ஏற்றும். இரண்டாம் அலையில் யாருக்கோ எழுதிய சீட்டைக் காட்டி ஸ்டீராய்டு வாங்கி விழுங்கியவர்களுக்குச் சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்தே ஏறின.

கஷாயத்தைப் பற்றியும் கேட்பார்கள். வீட்டில் கைக்கு வந்ததைப் போட்டுக் காய்ச்சும்போது அதிமதுரம் சேர்கிறதா என்று பாருங்கள். தொண்டைக்கு இதமாக இருக்கும் என்று தினமும் குடித்தால் அது உடம்பில் உப்பைத் தங்கவைத்து, பொட்டாசியத்தைக் குறைத்து, பிரஷரை ஏற்றிவிடும். பிரஷர் உள்ளவர்களுக்கு அது வேண்டவே வேண்டாம்.

ஊரடங்கில் உப்பும் சத்தமில்லாமல் கூடியது. 2020 மே மாதம் கோயம்பேடு சந்தையை மூடியபோது காய்கறிக்குத் தட்டுப்பாடு. தட்டில் ஊறுகாயும் அப்பளமும் வடகமும் கருவாடும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் உப்பு இருக்க வேண்டும். இந்துப்பு என்றால் பரவாயில்லை என்று நினைக்காதீர்கள், அதுவும் சோடியம்தான்.

வெளியே போக முடியாத நாட்களில் வீட்டில் ஒரு பிரஷர் மெஷின் இருப்பது பெரிய உதவி. மணிக்கட்டில் கட்டுவதைவிட மேல் கையில் சுற்றும் வகை நல்லது. காபி, சிகரெட் முடிந்து அரைமணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, கால் இரண்டையும் தரையில் பதித்து, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை மேசைமேல், நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். காலையில் மாத்திரைக்கு முன்பும் மாலையிலும், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து நோட்டில் எழுதுங்கள். ஒரு வாரச் சராசரி 135/85-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. டிவியில் சாவு எண்ணிக்கையைப் பார்த்துவிட்டுப் பதற்றத்தில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்திப் பார்ப்பதில் பயனில்லை. 180/120 காட்டினால் ஐந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்; குறையவில்லை என்றால் உடனே மருத்துவரை அழையுங்கள். நீங்களாகவே கூடுதலாக ஒரு மாத்திரையைப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே அடுத்ததை வாங்கிவிடுங்கள். முடிந்தவர்கள் ஒரு மாதத்துக்குக் கூடுதலாகக் கையிருப்பு வைத்துக்கொள்ளலாம். வழக்கமான கம்பெனி கிடைக்காவிட்டால் சீட்டில் உள்ள மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் சொல்லிக் கேளுங்கள். மக்கள் மருந்தகத்தில் அதே மருந்து குறைந்த விலையில் கிடைக்கும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டிலேயே கொண்டுவந்து தருகிறார்கள். ஆஸ்பத்திரி வாசல் ஏற முடியாமல் மாத்திரையை விட்ட எத்தனையோ முதியவர்களை நினைக்கும்போது, இது 2020-லேயே இருந்திருக்கக் கூடாதா என்று மனம் ஏங்குகிறது.

வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு பக்கக் கை கால் விழுந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ 108-ஐ அழையுங்கள். காய்ச்சலும் இருக்கிறதே, கொரோனா டெஸ்ட் ரிசல்ட் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு என்றால், உறைந்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம்தான் அவகாசம். அவர் கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதை ஒரு காகிதத்தில் குறித்து, சாப்பிடும் மாத்திரை அட்டைகளோடு ஆம்புலன்ஸில் ஏறுபவரிடம் கொடுத்துவிடுங்கள்.